வீட்டு ஆக்சிஜன்: மெஷின் வந்துவிட்டது, அளவை யார் பார்ப்பது?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். நான்கு மாதங்களுக்கு முன் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்த்தோம். டிஸ்சார்ஜ் சீட்டில் 'வீட்டில் ஆக்சிஜன் 2 லிட்டர்' என்று மட்டும் எழுதியிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கொண்டுவந்து வைத்தவர் பத்து நிமிடத்தில் சுவிட்சைக் காட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு யாரும் வரவில்லை. மூச்சு வாங்கும்போது அப்பாவே 4-க்குக் கூட்டிக்கொள்கிறார். இரவிலும் அப்படியே விட்டுவிடுகிறார். அப்போது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 96, 97 காட்டுகிறது. ஆனால் காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம். குளியலறைக்குப் போய்வந்தால் 85-க்கு இறங்கிவிடுகிறது. ஒரு நாளில் மொத்தம் எட்டு, ஒன்பது மணி நேரம்தான் போட்டுக்கொள்கிறார். சிகரெட்டையும் முழுதாக விட்டபாடில்லை. வெளியே எடுத்துப்போக சிறிய மெஷின் வாங்கலாமா? எங்களுக்குக் கிடைப்பது சரியான சேவைதானா? எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: முதலில் இன்று இரவு செய்யவேண்டியது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காலைத் தலைவலியும் பகல் தூக்கமும் அப்பாவின் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குகிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். 97 என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடைந்திருப்பீர்கள். இந்த நோயில் அந்த எண்தான் கவலைக்குரியது. கரியமில வாயு தேங்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஆக்சிஜன் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைப்பதே இலக்கு. அதற்கு மேல் ஏற்றுவதால் கூடுதல் நன்மை கிடையாது, கெடுதல் உண்டு.

நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளின் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி, காற்று நன்றாகப் போகும் பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். உடம்பே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் சுருங்கிய குழாய்கள் விரிந்து, காற்றே போகாத பகுதிகளுக்கும் ரத்தம் ஓடும். அந்த ரத்தம் கரியமில வாயுவை வெளியேற்ற முடியாமல் அப்படியே திரும்பிவரும். போதாக்குறைக்கு, ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் தன்னிடமிருந்த கரியமில வாயுவை ரத்தத்திலேயே விட்டுவிடும். 'ஆக்சிஜன் கூடினால் மூளை மூச்சுவிட மறந்துவிடும்' என்று பலர் சொல்வது இந்தக் கதையின் ஒரு சிறு பகுதிதான்.

எனவே 2 லிட்டருக்குத் திரும்புங்கள். மெஷினை ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். கரியமில வாயு ஏறியிருக்கும் நிலையில் ஆக்சிஜனைச் சட்டென்று நிறுத்தினால், ரத்த ஆக்சிஜன் ஆரம்பத்தில் இருந்ததைவிடவும் கீழே போய்விடும். 2 லிட்டரில் வைத்து, அப்பாவை உட்காரவைத்து, அரை மணி நேரம் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். 88-க்கும் 92-க்கும் இடையில் நின்றால் அப்படியே விட்டு, நாளைக்கே நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். 88-க்குக் கீழேயே நின்றாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பச் சிரமமாக இருந்தாலோ, கைகளை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொண்டாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'இவருக்கு சி.ஓ.பி.டி., இலக்கு 88 முதல் 92.' இதை ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிடுவது நல்லது. ஆம்புலன்சில் ஏறியதும் பெரிய மாஸ்க்கைப் போட்டு அதிக அளவில் ஆக்சிஜன் வைப்பது பல இடங்களில் வழக்கம். இவருக்குத் தேவை, ஆக்சிஜனைக் குறிப்பிட்ட சதவீதத்தில் மட்டும் கலந்து தரும் வென்சூரி மாஸ்க், 24 அல்லது 28 சதவீதத்தில். வீட்டில் நெபுலைசர் போடும்போதும் ஆக்சிஜனை வைத்து மருந்தை ஓட்டாதீர்கள். காற்றில் ஓடும் சாதாரண நெபுலைசரைப் போட்டு, மூக்குக் குழாயை அதன் பாட்டுக்கு 2 லிட்டரில் விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. உங்களுக்கு வந்து சேர்ந்திருப்பது ஒரு மெஷின். ஆக்சிஜன் ஒரு மருந்து. மாத்திரைக்கு மில்லிகிராம் போல இதற்கு நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், நாளுக்கு இத்தனை மணி நேரம், இந்த அளவுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு எல்லாம் உண்டு. அதை அளந்து சொல்ல ஒருவர், சொன்ன அளவு மூக்கில் வந்து சேர்கிறதா என்று பார்க்க ஒருவர், சில மாதம் கழித்து இன்னும் தேவையா என்று மறுபடி அளக்க ஒருவர். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் சேவை. உங்கள் வீட்டில் மூன்றுமே நடக்கவில்லை.

ரத்த வாயுப் பரிசோதனை செய்தார்களா? டிஸ்சார்ஜ் ஃபைலில் ஏ.பி.ஜி. என்ற தாளைத் தேடுங்கள். மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்வது அது. ஓய்வில் இருக்கும்போது ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் வீட்டு ஆக்சிஜன் தேவை. 56 முதல் 59 வரை இருந்து, கூடவே கால் வீக்கம், இதயத்தின் வலப்பக்கச் சுமை, ரத்தம் கெட்டியாகி ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதத்தைத் தாண்டுதல் போன்றவை இருந்தாலும் தேவை. விரல் மீட்டரில் 88 அல்லது அதற்குக் கீழ் என்பது ஏறத்தாழ இதே எல்லைக்கோடு. ஆனால் விரல் மீட்டர் ஒருபோதும் கரியமில வாயுவைக் காட்டாது. அப்பாவின் தலைவலிக்கு விடை அந்த ரத்தப் பரிசோதனையில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் போட்டபடியே, தினமும் போடும் அதே அளவில் அரை மணி நேரமாவது இருந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, அளந்த காலம். நோய் முற்றிப் படுத்திருக்கும்போது எடுத்த எண்ணை வைத்து ஆயுளுக்கும் ஆக்சிஜன் எழுதக்கூடாது. நுரையீரல் தேறிக்கொள்ள வாரங்கள் ஆகும். பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டி, நோய் தணிந்து 8 வாரமாவது ஆன பிறகே நீண்டகால ஆக்சிஜனுக்கான கணக்கைப் போடச் சொல்கிறது. அதுவும் குறைந்தது 3 வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து. மருத்துவமனையிலிருந்தே ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை 60 முதல் 90 நாளுக்குள் மறுபடி பார்க்கவேண்டும் என்பது அமெரிக்க மருத்துவர்களின் அறிவுரை. உங்கள் அப்பாவுக்கு 120 நாள் ஆகிவிட்டது. அவருக்கு இப்போது ஓய்வில் ஆக்சிஜனே தேவைப்படாமலும் இருக்கலாம், நடக்கும்போது மட்டும் தேவைப்படலாம், இரவில் மூச்சுக்கு உதவும் பைபாப் மாதிரி வேறொன்று தேவைப்படலாம். அளக்காமல் யாரும் சொல்ல முடியாது. அதற்காக நீங்களாகவே கழற்றிவைத்துவிடவும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று அளவு கேளுங்கள்: ஓய்வில் எத்தனை லிட்டர், நடக்கும்போது எத்தனை, தூக்கத்தில் எத்தனை. நடைக்கான அளவை 6 நிமிட நடைப் பரிசோதனையில், ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டே நடக்கவைத்துக் கண்டுபிடிப்பார்கள். தூக்கத்துக்கானதை இரவு முழுக்கப் பதிவுசெய்யும் ஆக்சிமீட்டரால் பார்க்கலாம். சீட்டில் இந்த மூன்று எண்ணோடு, நாளுக்கு எத்தனை மணி நேரம், இலக்கு எத்தனை சதவீதம், எந்தக் கருவி, அடுத்த பரிசோதனை எப்போது என்பதும் எழுதியிருக்கவேண்டும். 'ஆக்சிஜன் 2 லிட்டர்' என்று மட்டும் எழுதியது, 'மாத்திரை 2' என்று எழுதியது மாதிரி.

மணி நேரக் கணக்குக்கு வருவோம். நீண்டகால ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டுகிறது என்று நாம் சொல்வதற்கு ஆதாரம் 1980, 1981-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள். பிரிட்டனில் நடந்ததில், நாளுக்கு 15 மணி நேரம் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிக நாள் இருந்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்ததில், சராசரியாக 18 மணி நேரத்தை ஒட்டி எடுத்தவர்கள், இரவில் 12 மணி நேரம் மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எட்டு மணி நேரத்தில் அந்தப் பலன் கிடைக்கும் என்று காட்டிய ஆய்வு இல்லை. இன்னொரு பக்கம், 24 மணி நேரமும் கட்டிப்போடவும் தேவையில்லை: ஸ்வீடனில் நடந்து 2024-இல் வெளிவந்த ஆய்வில் 24 மணி நேரத்துக்கும் 15 மணி நேரத்துக்கும் ஓராண்டு முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஓய்வில் 89 முதல் 93 வரை இருப்பவர்களுக்கு ஆக்சிஜன் தருவதால் ஆயுளோ மருத்துவமனைச் சேர்க்கையோ மாறவில்லை என்பது 2016-இல் தெரிந்தது. எனவே மறுபரிசோதனையில் தேவை உறுதியானால் 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை 9 மணி நேரம் தூக்கத்திலேயே போய்விடும். மீதி 6 மணி நேரத்தைக் குளியல், சாப்பாடு, உட்கார்ந்து டிவி பார்க்கும் நேரம் என்று பிரித்துவிடலாம். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும்தான் பலரும் குழாயைக் கழற்றுகிறார்கள். மூச்சுக்கு அதிக வேலை இருக்கும் நேரமே அதுதான். மெஷின் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும், குழாய் மட்டும் கதவுக்கு அடியில் நசுங்காமல் உள்ளே போகட்டும்.

மூச்சு வாங்கும்போதெல்லாம் அப்பா கூட்டிக்கொள்கிறார் என்கிறீர்கள். மூச்சு வாங்குவது எப்போதும் ஆக்சிஜன் குறைவால் அல்ல. இந்த நோயில் உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் நெஞ்சு பலூன் மாதிரி உப்பிக்கொள்வதும் மூச்சு வாங்குவதற்குக் காரணம். அப்போது மீட்டர் 92 காட்டும், ஆனாலும் திணறும். அதற்கு மருந்து: உட்கார்ந்து முன்னால் சாய்ந்து கைகளை முழங்காலில் ஊன்றிக்கொள்வது, உதட்டைக் குவித்து மெல்ல ஊதி மூச்சைவிடுவது, முகத்துக்கு நேராக ஒரு கைவிசிறியோ சிறிய மின்விசிறியோ, இன்ஹேலரைச் சரியான முறையில் எடுப்பது. முதலில் மீட்டரைப் பார்த்துவிட்டு, 88-க்குக் கீழே இருந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவுக்குள், கூட்டுவது என்று வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்.

அந்த மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, விரல் சூடாக இருக்கும்போது, நகப்பூச்சு இல்லாமல் மாட்டி, எண் அசையாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருந்து படியுங்கள். கருநிறத் தோலில் இந்த மீட்டர்கள் சில சமயம் உண்மையைவிட இரண்டு, மூன்று எண் கூட்டிக் காட்டும். சிகரெட் பிடித்த உடனேயும் அப்படித்தான்: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே மீட்டர் எண்ணிக்கொள்ளும். ரத்தப் பரிசோதனை நாளன்று உங்கள் மீட்டரையும் எடுத்துப்போய் இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு வீட்டில் படிக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

இப்போது மெஷின். கான்சென்ட்ரேட்டர் ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை, காற்றிலுள்ள நைட்ரஜனை வடிகட்டுகிறது. உள்ளே ஒரு கம்ப்ரஸர், ஜியோலைட் என்னும் மணிகள் நிரம்பிய இரண்டு குடுவைகள். ஒரு குடுவையில் காற்றை அழுத்தும்போது மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ள, ஆக்சிஜன் வெளியே வரும். அதற்குள் மற்ற குடுவை தான் பிடித்த நைட்ரஜனைத் துப்பிவிடும். சில நொடிகளுக்கு ஒருமுறை 'புஸ்' என்று கேட்கும் சத்தம் அதுதான். நல்ல நிலையில் உள்ள மெஷின் சுமார் 90 முதல் 96 சதவீத ஆக்சிஜன் தரும்.

இந்த மணிகளுக்கு ஈரம் ஆகாது. மாதக்கணக்கில் கிடங்கில் சும்மா கிடந்த வாடகை மெஷின், ஈரத்தைக் குடித்து, வெளிப்பார்வைக்குப் புதிதாகவும் உள்ளே பாதி செத்தும் இருக்கலாம். மெஷின் ஓடும், ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலில் குமிழி வரும், லிட்டர் அளவைக் காட்டும் மிதவைப் பந்து 2-இல் நிற்கும். வருவது 93 சதவீதமா 70-ஆ என்று கண்ணுக்குத் தெரியாது. அலாரம் பெரும்பாலான மெஷின்களில் 82, 85 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அடிக்கும். சில மலிவு மெஷின்களில் அந்த சென்சாரே இருக்காது. ஆகவே வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேட்கவேண்டிய முதல் விஷயம்: ஆக்சிஜன் சதவீதத்தை அளக்கும் அனலைசர் கருவியைக் கொண்டுவந்து, மெஷின் 15 நிமிடம் ஓடிய பிறகு, தண்ணீர் பாட்டிலைக் கழற்றிவிட்டு, வெளிவாயிலில் அளந்து காட்டுங்கள். 2 லிட்டரில் ஒரு முறை, மெஷினின் உச்ச அளவில் ஒரு முறை. அனலைசர் இல்லை என்று சொல்பவரிடம் மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டாம்.

லேபிளையும் படியுங்கள். '1 முதல் 7 லிட்டர்' என்று போட்டு விற்கும் சில சிறிய மெஷின்கள் 1 லிட்டரில் மட்டுமே 90 சதவீதத்தைத் தொடும். 7-க்குத் திருகினால் 30 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். அதாவது கிட்டத்தட்ட வெறும் காற்று. 'எல்லா அளவிலும் 90 சதவீதத்துக்கு மேல்' என்று கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெஷின் நன்றாக இருந்தும் மூக்குக்கு ஆக்சிஜன் வராமல் போவதற்கு அடிக்கடி காரணம் அந்தத் தண்ணீர் பாட்டில். மூடியின் மரை கோணலாக ஏறியிருந்தால் ஆக்சிஜன் பக்கவாட்டில் கசிந்துவிடும், ஆனால் குமிழி வந்துகொண்டேதான் இருக்கும். சோதிப்பது சுலபம்: பாட்டிலிலிருந்து வெளியே போகும் குழாயை மடித்துப் பிடியுங்கள். குமிழி நின்று, சில நொடியில் பாட்டிலின் பாதுகாப்பு வால்வு விசிலடிக்க வேண்டும். குமிழி நிற்காமல் வந்தால் மூடி கசிகிறது. கழற்றி நேராக மாட்டுங்கள். விசில் வந்தால் குழாயின் மறுமுனைக்கு வாருங்கள்: மூக்கில் வைக்கும் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் படபடவென்று குமிழி வரவேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ குழாய் நசுங்கியிருக்கிறது அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது. பிறகு துடைத்துவிட்டு மாட்டுங்கள். இந்த இரண்டு சோதனைக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது, வாரத்துக்கு ஒரு முறை செய்யலாம்.

சொல்லப்போனால் அப்பாவுக்கு அந்தப் பாட்டிலே தேவையில்லாமல் இருக்கலாம். 4 லிட்டர் வரை பெரும்பாலானவர்களுக்கு மூக்கே ஈரப்படுத்திக்கொள்ளும். மூக்கு வறண்டு ரத்தம் வந்தால் மட்டும் பாட்டில் போடலாம். போட்டால் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர், அது இல்லாதபோது நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர். இரண்டு கோட்டுக்கும் நடுவே. மிச்சத் தண்ணீரின் மேலேயே புதிதாக ஊற்றாமல் தினமும் கொட்டிவிட்டு மாற்றவேண்டும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, வினிகர் கலந்த நீரில் அரை மணி ஊறவைத்து, அலசி, நன்றாக உலர்த்துங்கள். பாசி பிடித்த பாட்டில் வழியாகக் கிருமி நேராக நுரையீரலுக்குள் போகிறது. ஏற்கெனவே நொந்துபோன நுரையீரல் அது.

மூக்குக் குழாய் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்று. சளிக்காய்ச்சல் வந்து போனால் உடனே. முனைகளின் வளைவு கீழ்நோக்கி இருக்கவேண்டும். நீளக் குழாய் சில மாதங்களுக்கு ஒருமுறை. நீளம் பெரும்பாலான மெஷின்களுக்கு 15 மீட்டருக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் அளவு குறையும், யாராவது தடுக்கியும் விழுவார்கள். நீளக் குழாயை மாட்டிய பிறகே பந்தைச் சரிசெய்யுங்கள். அதுவும் குனிந்து, பந்து கண்ணுக்கு நேராக இருக்கும்படி, பந்தின் நடுவைப் பார்த்து. நின்றபடி மேலிருந்து பார்த்தால் அரை லிட்டர் தப்பாகத் தெரியும். காதுக்குப் பின்னால் புண் வந்தால் துணியோ பஞ்சோ சுற்றலாம்.

மெஷினின் பின்பக்க ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் மேலே சொன்ன ஜியோலைட்டுக்குக் கேடு. சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். சத்தமாக இருக்கிறது என்று அலமாரிக்குள் வைத்து மூடினால் சூடேறி நின்றுபோகும். உள் ஃபில்டரை மாற்றுவதும் கம்ப்ரஸரைப் பார்ப்பதும் சர்வீஸ் ஆளின் வேலை. மெஷினில் ஓடிய மணி நேரம் காட்டும் மீட்டர் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சர்வீஸ் வரும்போதெல்லாம் அந்த எண், அளந்த சதவீதம், மாற்றிய பாகம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்பா உண்மையில் நாளுக்கு எத்தனை மணி நேரம் போடுகிறார் என்பதையும் அதே மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சாரம் போனால்? மாற்று ஏற்பாடு இல்லாமல் கான்சென்ட்ரேட்டரை மட்டும் வைத்துவிட்டுப் போவது சேவைக் குறைபாடு. கூடவே ஒரு சிலிண்டர் வேண்டும். கணக்கு எளிது: சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை லிட்டரில் எடுத்து, கேஜ் காட்டும் பார் அழுத்தத்தால் பெருக்குங்கள். 10 லிட்டர் சிலிண்டர் 150 பாரில் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். கேஜ் 50-க்கு வந்தால் மீதி 4 மணி நேரம்தான். அப்போதே நிரப்பச் சொல்லுங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, சுவரோடு சங்கிலியிலோ ஸ்டாண்டிலோ கட்டிவைக்கவேண்டும். வால்வை மெல்லத் திறக்கவேண்டும். ரெகுலேட்டர் இணைப்பில் கசிந்தால் வாஷரை மாற்றச் சொல்லுங்கள். டேப் சுற்றுவது, எண்ணெய் போடுவது இரண்டும் ஆபத்து. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கும்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் லேபிளில் உள்ள வாட்டைப் பாருங்கள். 350 வாட் மெஷின் 4 மணி நேரத்துக்கு 1400 வாட்-மணி கேட்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் 1800 என்றாலும் இழப்பெல்லாம் போக 1200 சொச்சம்தான் கைக்கு வரும். மூன்று, மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்யூர் சைன் வேவ் வகையாகவும், கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் சுமையைத் தாங்குவதாகவும் இருக்கவேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் மெஷினை மாட்டாதீர்கள்.

சிறிய மெஷின் பற்றிக் கேட்டீர்கள். ரத்தப் பரிசோதனையும் நடைப் பரிசோதனையும் முடியும்வரை வாங்காதீர்கள். இந்தக் கைமெஷின்கள் பெரும்பாலும் விடாமல் ஊதுவதில்லை. மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு துளி விடும். அதில் '2' என்று இருப்பது 2 லிட்டர் அல்ல. ஒரு கம்பெனியின் 2-உம் இன்னொன்றின் 2-உம்கூட ஒன்றல்ல. பல கைமெஷின்களின் மொத்த உற்பத்தியே நிமிடத்துக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டிவைத்த மெஷினில், அப்பா நடந்து மூச்சு வேகமாக வாங்க வாங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் துளி சிறிதாகிவிடும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. வாயால் மூச்சுவிடுபவருக்கும் தூக்கத்திலும் மெஷின் மூச்சைக் கண்டுபிடிக்காமல் போகலாம். வாங்கத்தான் வேண்டுமென்றால், விற்பவரிடம் அதே மாடலை வாங்கி, தோளில் மாட்டி, விரலில் ஆக்சிமீட்டரோடு அப்பாவை அவர் வழக்கமாக நடக்கும் தூரத்துக்கு நடக்கவையுங்கள். 88-க்குக் கீழே போகாத எண் எது, அந்த எண்ணில் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். விளம்பரத்தில் சொல்லும் பேட்டரி நேரம் '1'-இல் வைத்துச் சொன்னது.

சிகரெட்டைக் கடைசியில் வைத்ததால் சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை மூர்க்கமாக எரியவைக்கும். மணிக்கணக்கில் ஆக்சிஜன் போட்டவரின் மீசை, சட்டை, போர்வை எல்லாம் ஆக்சிஜனில் ஊறியிருக்கும். குழாயைக் கழற்றிவிட்டு உடனே பற்றவைத்தாலும் முகத்தில் தீப்பிடிக்கும். பிளாஸ்டிக் குழாய் உருகித் தோலோடு ஒட்டும். மெஷினை நிறுத்தி, குழாயைக் கழற்றி, 20 நிமிடமாவது வெளிக்காற்றில் நிற்காமல் அப்பா எந்த நெருப்பின் அருகேயும் போகக்கூடாது. இ-சிகரெட்டுக்கும் இது பொருந்தும், விருந்தாளி பிடிக்கும் சிகரெட்டுக்கும் பொருந்தும். அடுப்பு, மெழுகுவத்தி எதுவானாலும் 3 மீட்டர் தூரம். ஓடும் மெஷினின் குழாயைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது, மெத்தை ஆக்சிஜனைக் குடித்துவிடும். மூக்கு வறட்சிக்கு வாசலின் தடவாதீர்கள். நீர் கலந்த ஜெல் போதும். குழாயின் நடுவில் மாட்டும் தீத்தடுப்பு வால்வு என்று ஒரு சிறு பாகம் உண்டு. தீ குழாய்வழியே ஓடிவந்தால் அது ஆக்சிஜனை அடைத்துவிடும். சப்ளையரிடம் கேட்டு, மூக்குக்கு அருகில் ஒன்றும் மெஷினுக்கு அருகில் ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள். அப்பாவைத் திட்டாமல், மருத்துவரிடம் நிக்கோட்டின் பட்டை, மாத்திரை பற்றிப் பேசுங்கள். தொடர்ந்து பிடிப்பவருக்கு வீட்டு ஆக்சிஜனைத் தர மறுக்கும் மருத்துவர்களும் உண்டு. கேட்கக் கடுமையாக இருக்கும், ஆனால் அந்த வீட்டில் மற்றவர்களும்தான் தூங்குகிறார்கள்.

வாடகைக்குக் கொடுத்தவரிடம் எழுத்தில் வாங்கவேண்டியது: இரவிலும் எடுக்கும் ஒரு ஃபோன் எண், மெஷின் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் மாற்று மெஷின் வரும், மாற்று சிலிண்டர் யார் பொறுப்பு, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அனலைசர் சோதனை, மாற்றுக் குழாய்களின் எண்ணிக்கை. ஒன்றை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்: எத்தனை லிட்டர் வைப்பது என்று. 'மூச்சு வாங்குதா, கொஞ்சம் கூட்டி வையுங்க' என்று வாசலில் நின்று சொல்லும் டெக்னீஷியனுக்கு அப்பாவின் கரியமில வாயு அளவு தெரியாது. அந்தக் கேள்வியோடு, ஏ.பி.ஜி. தாள், இதுவரை பார்த்த ஆக்சிமீட்டர் எண்கள், மெஷினின் மணிமீட்டர் எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கு நுரையீரல் மருத்துவரிடம் போங்கள். திரும்பி வரும்போது சீட்டில் அடுத்த பரிசோதனைத் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்: புதிய அளவு தொடங்கி மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் ஒன்று.